தட்டைப் பாதம் இருக்கா? வெயிட் தூக்குறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு காலை ஒரு தடவை பாருங்க

எனக்கு சின்ன வயசுல இருந்தே தட்டைப் பாதம், குளிச்சுட்டு ஈரக்காலோட நடந்தா உள்ளங்கால் முழுசும் சீல் குத்தின மாதிரி தரையில விழும். ஜிம்ல சேர்ந்தப்போ இதை யார்கிட்டயும் சொல்லல, சொல்லணும்னும் தோணல. மெத்து மெத்துன்னு ஒரு ரன்னிங் ஷூ போட்டுக்கிட்டு ஸ்குவாட் (எடையைத் தாங்கிக்கிட்டு குந்தி எழும்புறது) பண்ணேன், 40 கிலோ வரைக்கும் ஒண்ணும் தெரியல, அதுக்கு மேல ஏத்தினதும் கணுக்கால் உள்பக்கம் சுளீர் சுளீர்னு ஆரம்பிச்சுது. ட்ரெய்னர் "முழங்காலை வெளிய தள்ளுங்க, வெளிய தள்ளுங்க"ன்னு கத்துறார், நானும் தள்ளுறேன், தள்ளத் தள்ள பெருவிரல் தரைய விட்டு மேல எழும்புது. கடைசியா ஃபோனை தரையில சாய்ச்சு வச்சு பின்னாடி இருந்து வீடியோ எடுத்துப் பார்த்தாதான் தெரியுது, எடை ஏற ஏற கணுக்கால் உள்பக்கமா சாயுது, முழங்காலும் அது பின்னாடியே போகுது.

பாதம் தட்டையா இருக்குறதால மட்டும் பெருசா ஒண்ணும் கெட்டுப் போறதில்ல. எடை ஏறும்போது அது இன்னும் அமுங்குதா, நிக்குதான்னுதான் பார்க்கணும்.

1. எந்த வகைன்னு பாருங்க

வெறுங்கால்ல நின்னு, பின்னாடி ஃபோன் கேமராவை ஆன் பண்ணிட்டு, நுனிக்கால்ல எழும்புங்க. எழும்பும்போது உள்ளங்கால்ல வளைவு வந்து, குதிகால் லேசா உள்ள திரும்பினா உங்களுது வளைஞ்சு கொடுக்குற தட்டைப் பாதம். பெரும்பாலானவங்களுக்கு இதுதான், பயப்பட வேண்டாம். எழும்பினாலும் வளைவே வரலைன்னா, ஒத்தைக்கால்ல எழும்பவே முடியலைன்னா, இல்ல முன்னாடி நல்லா இருந்த கால் இப்போ புதுசா தட்டையாகிட்டு வருதுன்னா, முதல்ல எலும்பு டாக்டரைப் பாருங்க. கணுக்கால் உள்பக்க எலும்புக்குப் பின்னாடி ஒரு தசைநார் போகும், வளைவைத் தாங்கிப் பிடிக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு, அங்க வீக்கமோ வலியோ இருந்தா வெயிட் பக்கமே இப்போதைக்குப் போகாதீங்க.

2. ஷூ

ஷூவோட குதிகால் பகுதியை கட்டைவிரலால அழுத்துங்க. பஞ்சு மாதிரி உள்ள போனா அது ஓடுறதுக்கு, தூக்குறதுக்கு இல்ல. மெத்தை மேல நின்னு மூட்டை தூக்குற மாதிரிதான் அது, ஏற்கனவே உள்ள சாயுற கால் இன்னும் சாயும். தட்டையான, கெட்டியான சோல் உள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். ஜிம்ல விட்டாங்கன்னா டெட்லிஃப்ட்டை (தரையில இருக்குற பாரைப் பிடிச்சு நிமிர்ந்து தூக்குறது) சாக்ஸோட கூட பண்ணலாம். டாக்டர் இன்சோல் கொடுத்திருந்தா அதை கெட்டி சோல் ஷூவுக்குள்ள வச்சுக்கோங்க, மெதுமெதுன்னு இருக்குற ஜெல் இன்சோல் இந்த வேலைக்கு ஆகாது.

3. மூணு புள்ளி

இதுலதான் நான் ரொம்ப நாள் செலவழிச்சேன், நீங்களும் செலவழிங்க. பாதம் தரையில மூணு இடத்துல ஊணணும்: குதிகால், பெருவிரலுக்குக் கீழ இருக்குற சதை மேடு, சுண்டுவிரலுக்குக் கீழ இருக்குற மேடு. நம்மள மாதிரி ஆளுங்க உள்ள சாயாம இருக்கணும்னு பாதத்தோட வெளி ஓரத்துல ஏறி நிப்போம், அப்போ பெருவிரல் மேடு தூக்கிக்கும், நான் பண்ண அதே தப்பு. ஒரு துண்டு பேப்பரை அந்த பெருவிரல் மேட்டுக்கு அடியில வச்சு, ஃப்ரெண்டை இழுக்கச் சொல்லுங்க, பேப்பர் வரக்கூடாது.

இப்போ அந்த மேட்டை எடுக்காமலே குதிகாலை நோக்கி லேசா இழுங்க, பாதத்தைக் கொஞ்சம் குட்டையாக்குற மாதிரி. விரலை சுருட்டக்கூடாது, நகம் வெள்ளையானா சுருட்டுறீங்கன்னு அர்த்தம். வளைவு ஒரு சில மில்லிமீட்டர் எழும்பினாலே போதும். 5 செகண்ட் பிடிச்சு விடுங்க, 10 தடவை. முதல் வாரம் ஒண்ணுமே அசையாத மாதிரி இருக்கும், எனக்கு இடது கால் சொன்ன பேச்சு கேட்கவே ரெண்டு வாரம் ஆச்சு.

4. கணுக்கால் மடங்குதா?

சுவத்துல இருந்து அரை சாண், அதாவது சுமார் 10 செ.மீ. தள்ளி பெருவிரலை வச்சு, குதிகால் தூக்காம, பாதம் உள்ள சாயாம முழங்காலால சுவத்தைத் தொடுங்க. முடியலைன்னா கணுக்கால் இறுக்கமா இருக்கு, ஸ்குவாட்ல கீழ போகும்போது முன்னாடி மடங்க இடமில்லாம பாதம் உள்பக்கமா அமுங்கிதான் அந்த இடத்தைத் தேடிக்கும். தினமும் இதையே ஒரு கால் 15 தடவை பண்ணுங்க, அதுவரைக்கும் ஸ்குவாட் பண்ணும்போது ரெண்டு குதிகாலுக்கு அடியிலயும் சின்ன வெயிட் பிளேட் ஒண்ணு வச்சுக்கலாம், வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

5. இப்போ வெயிட்

முதல்ல வெறும் உடம்போட, அப்புறம் ஒரு டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, அப்புறம்தான் 20 கிலோ காலி பார். காலை தோள் அகலத்துக்கு வச்சு நுனியை கொஞ்சம் வெளிய திருப்புங்க, மூணு புள்ளியையும் ஊணுங்க, முழங்கால் ரெண்டாவது விரல் போற திசையிலயே போகட்டும். ஒவ்வொரு தடவை எடை ஏத்தும்போதும் பின்னாடி இருந்து ஒரு வீடியோ. எந்த எடையில கணுக்கால் உள்ள சாய ஆரம்பிக்குதோ, அன்னைக்கு உங்க எல்லை அதுக்கு முந்தின எடை. தொடைக்கு இன்னும் தெம்பு இருக்கேன்னு தோணும், இருக்கட்டும். அடுத்த முறை 2.5 கிலோ மட்டும் கூட்டிப் பாருங்க.

டெட்லிஃப்ட் நமக்கு கொஞ்சம் சுலபம், முழங்கால் அவ்வளவா முன்னாடி போகாது. காலை ரொம்ப அகட்டி வச்சு தூக்குற வகையை மட்டும் தள்ளிப் போடுங்க, அதுல பாதம் உள்ள சரியும். லஞ்சஸ்ல (ஒரு காலை முன்னாடி எடுத்து வச்சு முழங்காலை மடக்கி இறங்குறது) ஆட்டம் அதிகமா இருக்கும், ஆரம்பத்துல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

6. கடைசியில 5 நிமிஷம்

ரெண்டு குதிகாலுக்கும் நடுவுல ஒரு டென்னிஸ் பந்தை இடுக்கிக்கிட்டு நுனிக்கால்ல எழும்பி, 3 செகண்ட் எடுத்து மெதுவா இறங்குங்க. 12 தடவை, ரெண்டு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். பந்து கீழ விழுந்தா குதிகால் வெளிய ஓடிடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

ஆரம்பத்துல உள்ளங்கால்ல சதை பிடிச்சு இழுக்கும், நடுராத்திரில கூட இழுக்கும். விரல்களை கையால மேல் பக்கமா வளைச்சுப் பிடிச்சா விட்டுடும். கணுக்கால் உள்பக்கம் குத்துற வலி வேற, அது வந்தா அன்னைக்கு கால் வேலையை அதோட நிறுத்திட்டு கைக்குப் போயிடுங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சும் இருந்தா டாக்டர்கிட்ட போங்க.