ஈமாக்ஸ் ஐகான்களில் நிறம் போனால் செய்யக்கூடாதவை

ஈமாக்ஸ் (Emacs) என்ற டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்தால் மேலே டூல்பார் ஐகான்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையில் நிற்கின்றனவா? பெரும்பாலோர் உடனே கைவைப்பது ஈமாக்ஸின் வண்ணத் தீமில். முதல் தவறே அதுதான். எத்தனை தீம் மாற்றினாலும் போன வண்ணம் திரும்பாது.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. டூல்பார் படங்களுக்கு எக்ஸ்பிஎம் (XPM) என்ற பட வடிவில் ஒரு வண்ணப் பிரதியும், பிபிஎம் (PBM) வடிவில் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியும் உண்டு. எக்ஸ்பிஎம்மைப் படிக்க லிப்எக்ஸ்பிஎம் (libXpm) என்ற லைப்ரரி, அதாவது துணை நிரல் தொகுப்பு, வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஈமாக்ஸ் ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் பிபிஎம்மைக் காட்டிவிடும். இந்த மௌனம்தான் ஆளைச் சுற்றவிடுகிறது.

அதனால் எதையும் மாற்றுமுன் கேட்டுப் பாருங்கள். ஆல்ட்டுடன் கோலனை அழுத்தி, இமேஜ்-டைப்-அவைலபிள்-பி என்ற ஃபங்ஷனுக்கு எக்ஸ்பிஎம் என்று கொடுங்கள்: (image-type-available-p 'xpm). ‘டி’ (t) என்று வந்தால் லைப்ரரி இருக்கிறது. ‘நில்’ (nil) என்றால் இல்லை.

விண்டோஸில் ‘நில்’ வருவது பெரும்பாலும் நாமே வரவழைப்பது. ஈமாக்ஸ் வரும் ஜிப்பிலிருந்து எக்ஸ்இ கோப்புகளை மட்டும் பிரித்துக்கொண்டு, bin ஃபோல்டரில் உள்ள டிஎல்எல்களை, அதாவது விண்டோஸின் லைப்ரரிக் கோப்புகளை, குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஏதோ ஒரு தளத்திலிருந்து டிஎல்எல் இறக்குகிறார்கள். 64 பிட் ஈமாக்ஸில் 32 பிட் டிஎல்எல் ஏறாது. வைரஸ் பயம் வேறு. அதே ஜிப்பில் இருப்பதையே எடுத்து வையுங்கள். பெயரையும் மாற்றாதீர்கள்: எந்தெந்தப் பெயர்களில் தேடுவது என்று ஈமாக்ஸின் டைனமிக்-லைப்ரரி-அலிஸ்ட் (dynamic-library-alist) என்ற மாறியில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாத பெயரை ஈமாக்ஸ் சீண்டாது. வைத்த பிறகு ஈமாக்ஸை மூடித் திறக்க வேண்டும். ஒருமுறை தேடிக் கிடைக்காததை அது நினைவில் வைத்துக்கொள்வதால், ஓடிக்கொண்டிருக்கும்போது வைத்துவிட்டு ‘இதுவும் வேலை செய்யவில்லை’ என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

லினக்ஸில் ஈமாக்ஸைச் சோர்ஸ் கோடிலிருந்து தாங்களே கட்டுபவர்கள் செய்யும் தவறு தனி ரகம். கட்டுமுன் தேவையானவை உள்ளனவா என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், லிப்எக்ஸ்பிஎம் இல்லை என்று நின்றுவிடும். கூடவே, அது இல்லாமலே கட்ட ஒரு ஆப்ஷனையும் சொல்லும். அதை அப்படியே ஒட்டிவிட்டு, பிறகு நிறத்தைத் தேடுவார்கள். உபுண்டு, டெபியனில் லிப்எக்ஸ்பிஎம்-டெவ் (libxpm-dev) பேக்கேஜை நிறுவிவிட்டுக் கட்டினால் முடிந்தது.

ஜிடிகே (GTK) என்ற வரைகலைத் தொகுப்புடன் கட்டிய ஈமாக்ஸில் மட்டும் கதை வேறு. அங்கே பல ஐகான்கள் டெஸ்க்டாப்பின் ஐகான் தீமிலிருந்தே வருகின்றன. ‘டி’ என்று பதில் வந்தும் ஐகான்கள் சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஐகான் தீமைப் பாருங்கள்.