கொசுப்புழு திரும்பத் திரும்ப வருகிறதா? பாத்திரத்தின் சுவரைத் தேயுங்கள்

வாரந்தோறும் வாளிகளைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவந்தேன். அப்படியும் கடந்த மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்துவிட்டது. அதன்பிறகு வீட்டைச் சலித்தெடுத்துக் கற்றுக்கொண்டவை இவை.

படி 1: தேடுதல்

கையில் டார்ச் அவசியம். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத டிரம் எல்லாம் எளிதில் கண்ணில் படும். தப்பிவிடுவது ஃபிரிட்ஜின் பின்புறம் அடியில் இருக்கும் நீர்த்தட்டு. எங்கள் வீட்டில் கொசுப்புழுக்கள் அங்கேதான் இருந்தன. வெளிச்சம் பட்டதும், மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு பாட்டில் மூடித் தண்ணீரே போதும்.

படி 2: தேய்த்தல்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. பார்த்தால் கரித்தூள் போலத்தான் தெரியும். தண்ணீரைக் கொட்டினால் அது போகாது. காய்ந்துபோனாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். நான் கவிழ்த்த வாளியையே மீண்டும் நிரப்பி, முட்டைகளுக்கு நானே தண்ணீர் வார்த்திருக்கிறேன்!

ஆகவே உட்சுவர் முழுவதையும், குறிப்பாக நீர்க்கோடு படிந்த இடத்தை, அழுத்தித் தேயுங்கள். ஸ்பாஞ்ச் வேண்டாம், அது வழுக்கிக்கொண்டு போகும். முரட்டு நார் பிரஷ்தான் சரி. கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை, நாள் தவறாமல் செய்யுங்கள்.

படி 3: மூடுதல்

தண்ணீர் பிடித்துவைக்கும் பாத்திரங்களையும் தொட்டிகளையும் சந்து இல்லாமல் மூடுங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நெருக்கமான வலைத்துணியை இறுகக் கட்டுங்கள்.

படி 4: கடிபடாமல் காத்தல்

ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிக்கும். காலையிலும் அந்திக்கு முன்பும் அதிகம். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். புகைமருந்தை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை விட்டுவிடும்.

காய்ச்சல் வந்துவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்றால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள், இரத்தக்கசிவு கூடும்.

பின்சேர்க்கை: எல்லாவற்றையும் மூடியும் மேல்நிலைத் தொட்டியில் புழு இருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நிரம்பி வழியும் நீருக்கான குழாயின் வாய் திறந்தே கிடந்திருக்கிறது. அதன் நுனியிலும் வலைத்துணியைக் கட்டுங்கள். கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய்க்கும் இதையே செய்யுங்கள்.