ஆறாவது பாகத்தில் டிராகன் உண்டா? ஊகிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டிராகனில்தான் வந்து நிற்கும். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற கணினி விளையாட்டுத் தொடரின் ஐந்தாம் பாகமான 'ஸ்கைரிம்' வெளிவந்தது 2011 நவம்பர் 11. அப்போது நாங்கள் தேசிய சேவையில் இருந்தோம். வெள்ளி இரவு முகாமிலிருந்து வெளியே விட்டால் ஞாயிறு இரவு திரும்பும்வரை தூக்கம் கிடையாது. வீட்டில் அம்மா சோறு போட்டு வைத்துவிட்டுக் கத்திக்கொண்டே இருப்பார். இன்று எங்களில் இருவருடைய பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குப் போகிறார்கள். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' ஆறாவது பாகத்தில் டிராகன் வருமா, வராதா?

இதற்கு, தொடரை உருவாக்கும் பெதஸ்டா நிறுவனம் போட்ட தீனி ரொம்பக் குறைவு. 2018 ஜூன் 10 அன்று காட்டிய முன்னோட்டம் வெறும் 36 விநாடி. பாறை மலைகள், தூரத்தில் ஒரு கடற்கரை, பழகிய இசை, அப்புறம் பெயர். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பிடி அவல் போதுமாக இருந்தது. ஊகிப்பது தப்பே இல்லை, பாதிச் சுகம் அதில்தான். ஆனால் எல்லாரும் ஒரே இடங்களில் சறுக்குகிறோம். நானும்தான்.

முதல் சறுக்கல் அந்த 36 விநாடியிலேயே. ஒவ்வொரு காட்சியையும் நிறுத்திப் பெரிதாக்கி, "இந்த முகடு டிராகன் முதுகு மாதிரி இல்லையா?" என்று கேட்பது. மேகத்தில் யானை தேடுகிற வேலை இது. நிலப்பரப்பைக் காட்டும் படம் நிலத்தைப் பற்றித்தான் ஏதாவது சொல்லும். வறண்ட பாறையும் கடலோரமும் விளையாட்டு உலகில் ரெட்கார்டு என்ற இனத்தாரின் நாடான ஹேமர்ஃபெல்லையோ அதற்கு வடக்கே உள்ள ஹை ராக்கையோ நினைவூட்டுகின்றன என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நிலத்தில் எந்த உயிரினம் நடமாடும் என்று கேட்டால் படத்திடம் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய சறுக்கல், துப்பு ஒன்று கிடைத்ததும் அதை நம் ஆசைக்குத் தைத்துக்கொள்வது. 2018-இல் 'ரெட்ஃபால்' என்ற பெயரை பெதஸ்டாவின் தாய் நிறுவனம் வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. ரெட்கார்டில் ஒரு 'ரெட்', ஹேமர்ஃபெல்லில் ஏறக்குறைய ஒரு 'ஃபால்'. வேறென்ன வேண்டும்? ஆறாவது பாகத்தின் துணைப்பெயர் இதுதான் என்று நான் மேசையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சிவப்புப் பாலைவனத்தில் சிவப்பு டிராகன் விழும் காட்சியைக்கூட மனதுக்குள் எடுத்து முடித்துவிட்டேன். 2021 ஜூனில் பார்த்தால் அது இரத்தக்காட்டேரிகளைச் சுடும் வேறொரு விளையாட்டு. 2023 மே மாதம் வெளியும் வந்தது. பதிவு உண்மைதான். அதை டிராகன் வாலில் கட்டியது நாங்கள்.

சரி, இதெல்லாம் வெளிச் சங்கதி. பெரும்பாலான வாதங்கள் கெட்டுப்போவது அந்த உலகத்தில் டிராகன் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடிக்காததால்தான்.

சிங்கப்பூரில் வளர்ந்தவனுக்கு டிராகன் ஒன்றல்ல. தோ பாயோவில் 1979-இல் கட்டிய விளையாட்டு மைதானத்தின் டிராகன் ஒன்று, அதன் முதுகில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். சீனப் புத்தாண்டுக்குச் சைனாடவுனில் விளக்காக எரிவது இன்னொன்று. 2024 பிப்ரவரியில் பிறந்த சீன ஆண்டுக்கே கடல்நாகத்தின், அதாவது சீன டிராகனின், பெயர். அந்தக் கடல்நாகம் மங்கலமானது, மழை தருவது, சிறகில்லாமலே பறப்பது. அப்புறம் மேற்கத்தியப் படங்களில் பொன்குவியல் மேல் படுத்திருப்பது, முட்டையிலிருந்து பொரிந்து வளர்த்தவன் பின்னால் போவது. ஊகிக்கும்போது இவை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். "ஹேமர்ஃபெல்லில் டிராகன் முட்டை கிடைக்கும், அதை வளர்க்கலாம்" என்று ஒரு நண்பன் அரை மணி நேரம் விளக்கினான். ஸ்கைரிமில் நான் பார்த்த வரை முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை.

எல்டர் ஸ்க்ரோல்ஸில் டிராகன் விலங்கு இல்லை. காலத்தின் கடவுளான அகடோஷின் பிள்ளைகள் என்று கதை சொல்கிறது. மூப்பால் சாகாது. வாளால் வெட்டினால் உடல் விழும், ஆன்மா போகாது. அந்த ஆன்மாவை இன்னொரு டிராகனோ, டிராகன் ஆன்மாவோடு பிறந்த 'டிராகன்பார்ன்' மனிதரோ உறிஞ்சினால்தான் கதை முடியும். அதனால்தான் புதைமேட்டில் எலும்பாய்க் கிடந்தவற்றை, ஸ்கைரிமின் முதன்மை எதிரியான ஆல்டுவின் என்ற டிராகனால் பெயர் சொல்லி எழுப்ப முடிந்தது. தீ கக்குவதும் வயிற்றிலிருந்து வருவதில்லை. அது பேச்சு. 'யோல் டூர் ஷுல்' என்று மூன்று சொற்களைச் சொல்கிறது, எதிரே நிற்பவர் எரிகிறார். இரண்டு டிராகன்கள் மோதிக்கொள்வது உண்மையில் வாக்குவாதம் என்று அந்த விளையாட்டே சொல்கிறது. பட்டிமன்றத்தில் எதிரணிக்காரர் பேசப் பேச நம் வேட்டி பற்றிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு வாதங்கள் தானாக விழுகின்றன. "ஆல்டுவின் செத்துவிட்டான், அதனால் டிராகன் இனமே முடிந்தது" என்பது முதலாவது. ஆல்டுவின் தோற்ற பிறகும் ஸ்கைரிமில் டிராகன்கள் வானில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் கொல்லாமல் விட்டால் மலையுச்சியில் பார்தர்நாக்ஸ் என்ற கிழ டிராகன் தியானம் செய்துகொண்டிருப்பார். இரண்டாவது, 'டிராகன் பிரேக்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. "அடுத்த பாகத்தில் டிராகன் பிரேக் வரும், அப்படியென்றால் டிராகன் வரும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது காலம் உடைவதைக் குறிக்கும் சொல். காலக் கடவுளின் வடிவம் டிராகன் என்பதால் வந்த பெயர், அவ்வளவுதான். 1996-இல் வந்த 'டேகர்ஃபால்' விளையாட்டுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல முடிவுகள். எது உண்மை என்று தொடர் பிறகு சொல்ல வேண்டி வந்தபோது, எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தன, காலம் உடைந்துவிட்டது என்று கதையை முடித்துவிட்டார்கள். அந்த உடைப்பில் ஒரு சிறகுகூடப் பறக்கவில்லை. பார்தர்நாக்ஸைக் கொன்றீர்களா இல்லையா என்ற சிக்கலை அவிழ்க்க மறுபடி இந்த உபாயத்தைக் கையில் எடுக்கலாம். அதை டிராகன் வருகைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. "ஹேமர்ஃபெல் பாலைவனம், அங்கே டிராகனுக்கு என்ன வேலை?" என்பார்கள். ஸ்கைரிமோடு தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்வது. 1998-இல் 'ரெட்கார்ட்' என்று ஒரு விளையாட்டு வந்தது. கதை நடப்பது ஹேமர்ஃபெல்லைச் சேர்ந்த ஸ்ட்ரோஸ் ம்காய் தீவில். அங்கே நஃபாலிலார்கஸ் என்று வாய் பேசும் டிராகன் ஒன்று, ஓர் இளவரசனின் ஆன்மா அடைபட்ட கல்லைப் பேரரசுக்காகக் காவல் காத்தது. கதாநாயகன் சைரஸ் அதை வெட்டிச் சாய்ப்பான். சைரஸ் டிராகன்பார்ன் அல்ல. உறிஞ்ச ஆள் இல்லாமல் விழுந்த டிராகன் அது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

ஆண்டுக்கணக்கில் குழம்புவதும் அடிக்கடி நடக்கிறது. 2019-இல் இதே தொடரின் இணையவழி விளையாட்டின் 'எல்ஸ்வேர்' விரிவாக்கத்தில் டிராகன்கள் கூட்டமாக வந்தன. அதைக் காட்டி, "பார், தெற்கே டிராகன் இருக்கிறது" என்றால் அது ஸ்கைரிம் காலத்துக்கு ஏறத்தாழ 950 ஆண்டுகள் முந்தைய கதை. சோழர் காலக் கல்வெட்டைப் படித்துவிட்டு இன்று தஞ்சாவூரில் யானைப்படை இருக்கும் என்று சொல்வது போல.

இருக்க முடியும் என்பதும் காட்டுவார்கள் என்பதும் வேறு வேறு. இங்கேதான் கதை நன்றாகத் தெரிந்தவர்களும் விழுகிறார்கள். அந்த உலகின் விதி அனுமதிக்கிறது என்பதாலேயே நிறுவனம் செய்யும் என்று ஆகாது. 2002-இல் வந்த 'மாரோவிண்ட்' விளையாடியவர்களுக்குக் கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிசாசைத் தெரியும். பத்தடி நடக்க விடாது. அடுத்து 2006-இல் நாலாவது பாகமான 'ஓப்ளிவியன்' வந்தபோது அது இல்லை. ஜியூப் என்ற புனிதர் அவற்றை வார்டன்ஃபெல் தீவைவிட்டே விரட்டிவிட்டாராம். வழிப்போக்கர் பேச்சில் ஒரு வரி, சோலி முடிந்தது. ஓப்ளிவியனின் உயிர்நாடியாக இருந்த நெருப்பு வாசல்களும் ஸ்கைரிமுக்கு வரவில்லை. முக்கிய பாகம் ஒவ்வொன்றும் தன் தலையாய ஆபத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. "டிராகன்தானே விற்றது, விடுவார்களா?" என்று கேட்பவர்கள் இந்தப் பழக்கத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

டிராகன் மேல் ஏறி நாடு முழுக்கப் பறக்கலாம் என்ற கனவைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 டிசம்பரில் வந்த 'டிராகன்பார்ன்' விரிவாக்கத்தில் ஏறிப் பறக்க விட்டார்கள். நாம் நினைத்த பக்கம் திருப்ப முடியாது, பேருந்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு திருத்தம் போட்டதும் டிராகன்கள் பின்பக்கமாகப் பறக்க ஆரம்பித்த கூத்தும் நடந்தது. பறக்க வைப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை.

இனி கசிவுகள். இதில் நம் ஊருக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த 'ஓப்ளிவியன்' மறுவார்ப்பை பெதஸ்டாவோடு சேர்ந்து செய்த விர்ச்சுவோஸ் நிறுவனத்தின் தலைமையகம் சிங்கப்பூரில் உள்ளது. அன்றிலிருந்து, "என் மச்சானோட ஃபிரெண்டு அங்கேதான் வேலை செய்றான்" என்று தொடங்கும் செய்திகள் எனக்கே மூன்று வந்துவிட்டன. மூன்றிலும் டிராகன் நிறம் வேறு. நாலாவது பாகத்துக்குப் புது வண்ணம் பூசியவர்களுக்கு, பெதஸ்டாவின் சொந்தக் குழு செய்யும் ஆறாவது பாகத்தின் ரகசியம் எதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

உண்மையான கசிவுகூட முழு உண்மை இல்லை. அந்த மறுவார்ப்பின் பெயர் 2023 செப்டம்பரிலேயே வெளியே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தொடர்பான நீதிமன்ற வழக்கின் ஆவணங்களில் 2020-இல் போட்ட ஒரு பட்டியல் இருந்தது. 2022 நிதியாண்டுக்குள் வரும் என்று அதில் எழுதியிருந்தார்கள். வந்தது 2025-இல். பண்டம் சரி, தேதி தவறு. ஒரு கசிவு பலித்ததும் மற்ற நூறையும் நம்பத் தொடங்கினோம். அதுதான் பெரிய சேதம்.

போலியைப் பிடிக்க எனக்கு ஒரு சின்ன வழி. டிராகன் பெயர் பெரும்பாலும் அவர்கள் மொழியின் மூன்று சொற்கள் சேர்ந்தது. ஓடாவிங் என்றால் பனி, வேட்டையன், சிறகு. "கசிந்த" டிராகன் பெயரை அப்படிப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கதைகள் அங்கேயே கழன்றுவிடும். படங்களைப் பொறுத்தவரை, ரசிகர்கள் தாங்களே ஸ்கைரிமில் செய்யும் 'மாட்' என்ற மாற்றங்களைப் புது விளையாட்டு என்று நம்பி ஏமாறுவதுதான் அதிகம். டிராகனுக்குப் பதிலாக ரயில் எஞ்சின் பறந்து வரும் மாட் கூட இருக்கிறது, அவ்வளவு திறமைசாலிகள்.

இன்னொன்று, நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் தேதி மாலை என்றால் இங்கே 2-ஆம் தேதி காலை. முட்டாள்கள் தினம் நேற்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் நின்றபடி பகிர்வோம். நான் ஒருமுறை பகிர்ந்திருக்கிறேன். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் என் தம்பி ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும்படி கிண்டல் செய்து முடித்துவிட்டான்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் ஊகத்தைச் சொல்லாமல் போனால் அடி விழும். கூட்டமாக வராது. ஒன்றே ஒன்று வரும், அதுவும் சண்டைக்கு முன்னால் நிறையப் பேசும். ஸ்ட்ரோஸ் ம்காயில் உறிஞ்சப்படாமல் விழுந்த அந்தக் காவல்காரனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இதில் பாதி 1998-இல் வந்த கதையின் மேல் நிற்கிறது, பாதி என் ஆசையின் மேல். போன ஞாயிறு இதைச் சொன்னபோது எதிரே இருந்தவன் ஒன்றும் வாதாடவில்லை. தே தாரிக் ரசீதைத் திருப்பி, தேதி போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.