ஆத்தாவின் ஃபைல்: ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெட்டியில் என்ன வைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. தைலமும் சாக்லேட்டும் உங்களுக்கே தெரியும். ஊரில் அப்பாவோ அம்மாவோ அண்மையில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ஆத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பத்து நாள் லீவு கிடைத்தது. சிங்கப்பூரில் உள்ள இதய மருத்துவரிடம் காட்ட, கேஸ் ஷீட் என்ற முழுச் சிகிச்சைக் குறிப்பும் ஆஞ்சியோகிராம் சி.டி.யும் வேண்டும். எங்கள் ஊரான கானாடுகாத்தானில் பையை வைத்துவிட்டு, மறுநாளே மதுரையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அட்மிஷன்ல கையெழுத்துப் போட்டவர் வரணும் சார்."

போட்டது சித்தப்பா. படிவத்தில் மகன் என்ற இடத்துக்கு எதிரே 'வெளிநாடு' என்று இருந்தது. பெயர்கூட இல்லை. சித்தப்பாவோ, "மொதல்ல முகப்புக்கு ஓடு மாத்துற செலவப் பேசிருவோமே" என்றார். பன்னிரண்டு பங்கு உள்ள வீடு. இரண்டு நாள் பட்டாலையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, என் பங்குக்கு மேலேயே கொடுத்து, நான்காம் நாள் அவரை அழைத்துப் போனால் ரெக்கார்டு பிரிவில் ஆள் லீவு. மறுநாள், "எதுக்குக் கேக்குறீங்க, கேஸ் போடப் போறீங்களா?" அதோடு சித்தப்பா, "எதுக்குப்பா வம்பு" என்று காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் முன்பே தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டியது இது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால்தான் தருவோம் என்று அதில் எங்கும் இல்லை. ஜெராக்ஸ் செலவு நம்முடையது. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைத்திருப்பதுதான் அந்த விதியில் கட்டாயம், ஆகவே அடுத்த லீவுக்குத் தள்ளாதீர்கள். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். கேஸ் ஷீட், சி.டி. என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்ட மனுவும் உண்டு: 10 ரூபாய், 30 நாள். அது இந்தியக் குடிமக்களுக்கு. இந்தியாவின் நீலப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துச் சிங்கப்பூரின் சிவப்பு வாங்கியவர்கள், நானும்தான், வீட்டில் இருப்பவர்களைக் கொண்டுதான் போட வேண்டும்.

கடைசியில் வழி சொன்னவர் வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா. "பேஷண்ட் நல்லாத்தானே இருக்காங்க? அவங்ககிட்டயே எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி." ஐந்து நாளாக ஆத்தாவின் காகிதத்துக்கு அலைந்தவன், ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அன்றிரவு ஆத்தா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கடிதத்தை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

"இத வச்சு என்ன செய்வே?"

"சிங்கப்பூர் டாக்டர்கிட்ட காட்டணும் ஆத்தா."

"நானும் வரணுமா?"

"இல்ல, ஃபைல் மட்டும் போதும்."

"சரி" என்று பேனாவை மூடிக் கொடுத்தார்.

கடிதம் கொடுத்த மூன்றாம் நாள், விமானத்துக்கு முந்தின நாள், எல்லாம் கிடைத்தது. சி.டி.யை அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு முதலில் கொடுத்தது காலியாக இருந்தது.