புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியும் திரை வரவில்லையா? எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பிடியுங்கள்

கார்டை மாட்டி பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. உடனே கார்டைக் கழற்றி, பயாஸை (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மாற்றி, டிரைவரை (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அழித்து, கேபிளையும் மாற்றி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி அதே கோளாறு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் எழுந்து வருவது ஒரு வரிசையில்: முதலில் மின்சாரம், பிறகு பயாஸ் சோதனை, விண்டோஸ், டிரைவர், கடைசியில் முழு வேகத்தில் வேலை. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பாதிப் பழுதைக் கண்டுபிடித்தாயிற்று. பயாஸ் லோகோவே வராதவர் டிரைவரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப் நன்றாக வந்து, கேம் ஓடும்போது மட்டும் அணைகிறது என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. அதே வரிசையில் போவோம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். செய்ததைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

படி 1: கேபினெட்டைத் திறப்பதற்கு முன்

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பழக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலேயே செருகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கேபினெட்டின் பின்புறம் மேலே, யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்திருப்பவை மதர்போர்டுடையவை. அதற்குக் கீழே, கிடைவாக வரிசையாக இருப்பவைதான் கார்டின் துளைகள். பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் மதர்போர்டு துளையில் எந்தக் காலத்திலும் படம் வராது.

கார்டின் துளைகளில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். மானிட்டரின் மெனுவில் ‘இன்புட்’ சரியான துளைக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடாப்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் சாதாரண அடாப்டர் அந்த ஒரு திசையில்தான் வேலை செய்யும். கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் தனி மின்சாரம் எடுக்கும் மாற்றி வேண்டும்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் 20-ஆவது பின் மின்சாரத்துக்கானது. முறையான கேபிளில் இரு முனைக்கும் இடையே அது இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. தரமில்லாத சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் திரும்பிப் பாய்ந்து, கம்ப்யூட்டர் தொடங்காமலே நிற்கும். சந்தேகம் வந்தால் அந்தக் கேபிளை எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ-யில் ஒரு தடவை முயலுங்கள்.

படி 2: கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா?

கம்ப்யூட்டரை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்னால் உள்ள சுவிட்சையும் அணைத்து, மின் கம்பியைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். உடலின் நிலைமின்சாரம் போக, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பிராசஸருக்கு மிக அருகில் இருக்கும் நீள ஸ்லாட்டில்தான் கார்டு இருக்க வேண்டும். கீழே அதே நீளத்தில் இன்னொன்று இருந்தாலும், பெரும்பாலான போர்டுகளில் அதற்கு 4 லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே வரும்.

இப்போது டார்ச் அடித்து, கார்டின் விளிம்பும் ஸ்லாட்டும் சேரும் கோட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறப் பட்டைகள் வெளியே தெரியக் கூடாது. இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மெல்லிய தங்கக் கோடு தெரிந்தால் கார்டு சாய்ந்து நிற்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்க்ரூதான். கார்டின் உலோகத் தகட்டின் கீழ்முனை மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஸ்க்ரூவை முறுக்கினால் தகடு இறங்கும், ஆனால் கார்டின் மறுமுனை மேலே எழும். ஸ்லாட்டின் லாக்கைத் திறந்து, கார்டை முழுக்க வெளியே எடுத்து, தகடு இடுக்கில் இறங்குவதைப் பார்த்தபடி இரு முனையிலும் ஒரே அளவு அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று லாக் விழுந்த பிறகு ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ போட்டபின் அந்தக் கோட்டை இன்னொரு முறை பாருங்கள்.

கேபினெட்டுக்குள் கை விட்ட இடத்தில் ரேம், சாட்டா கேபிள், பிராசஸரின் மின் கேபிள் ஏதாவது தளர்ந்திருக்கலாம். அவற்றையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். புதுக் கார்டு பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவருக்கு ரேம் அரை மில்லிமீட்டர் எழும்பியிருப்பது கண்ணில் படாது.

படி 3: மின் இணைப்பு

இங்கே நிதானம் தேவை. மற்ற தவறுகளில் திரை வராமல் போகும், அவ்வளவுதான். இதில் தவறினால் கார்டே கருகலாம்.

ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் தரும். 320 வாட் இழுக்கும் கார்டில் இரண்டு 8 பின் துளைகள் இருந்தால் 75 + 150 + 150 = 375, போதும். அதில் ஒன்றை மட்டும் செருகிவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கார்டில் உள்ள எல்லா மின் துளைகளும் நிரம்பியிருக்க வேண்டும். இணைப்பு விடுபட்டிருந்தால் சில கார்டுகள் திரையிலேயே எச்சரிக்கை காட்டும். சில கார்டுகள் ஃபேனை முழு வேகத்தில் சுற்றிவிட்டுப் படமே தராது.

பிராசஸருக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கார்டுக்கானது 6+2 என்று பிரியும், பிராசஸருக்கானது 4+4 என்று பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருப்பதால், பலவந்தமாக மாற்றிச் செருகினால் நேரடி ஷார்ட்தான். துளைகளின் வடிவம் அதைத் தடுக்கவே வேறுபடுத்தப்பட்டிருக்கிறது. எளிதாக இறங்காத கேபிளை ஒருபோதும் தள்ளாதீர்கள்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) வைத்திருப்பவர்களுக்கு: எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்குப் பொதுவான தரநிலை கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் புதியதில் கச்சிதமாக இறங்கினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம். அந்தந்த மாடலோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டு 8 பின் வேண்டிய பெரிய கார்டுக்கு, ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையை விட இரண்டு தனிக் கேபிள்கள் நல்லது.

புதிய என்விடியா கார்டுகள் பலவற்றில் 16 பின் இணைப்பு வருகிறது. அதன் வழியாக 600 வாட் வரை போகும். சின்ன முனைக்குள் அவ்வளவு மின்சாரம் என்பதால் அரைகுறையாகச் செருகினால் தொடுமிடம் சூடேறி உருகும். இப்படி உருகிய கார்டுகள் நிஜமாகவே உண்டு. முனைக்கும் துளைக்கும் நடுவே இடைவெளியே தெரியக் கூடாது. முனையிலிருந்து 35 மில்லிமீட்டர் தூரத்துக்கு வயரை வளைக்காமல் நேராக விடுங்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு வயரை அழுத்தினால் அந்தக் கேபினெட் இந்தக் கார்டுக்குப் போதாது.

படி 4: பயாஸ் லோகோ வருகிறதா?

போர்டில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கிறதா என்று தேடுங்கள். தொடங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விஜிஏ நின்றால் படி 2-க்கும் 3-க்கும் திரும்புங்கள். டிராம் நின்றால் ரேமைக் கழற்றி மாட்டுங்கள். விளக்கு இல்லாத போர்டில் சிறு ஸ்பீக்கர் இருந்தால், ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்பும் பல பயாஸ்களில் கிராபிக்ஸ் கோளாறைக் குறிக்கும்.

இணைப்புகள் சரி, ஆனாலும் படம் இல்லை என்றால் பழைய கார்டையோ மதர்போர்டின் துளையையோ வைத்துத் தொடங்கி, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பியுங்கள். பழைய போர்டில் புதுக் கார்டு எழாமல் இருப்பதற்கு இது அடிக்கடி மருந்தாகும். அதற்குப் பிறகும் வராவிட்டால் மின்சாரம் துண்டித்த நிலையில் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டி, பயாஸ் அமைப்புகளை அழித்துவிடுங்கள். டிடிஆர்5 ரேம் உள்ள போர்டுகள் இதன்பிறகு முதல் முறை தொடங்க சில நிமிடம் எடுக்கும், திரை கருப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

ரைசர் கேபிளில் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்பு கேபிள்) கார்டைச் செங்குத்தாக வைத்திருக்கிறீர்களா? ரைசர் பிசிஐஇ (ஸ்லாட்டின் இணைப்புத் தரம்) 3.0, கார்டும் போர்டும் 4.0 என்றால் படம் வராமலோ விட்டுவிட்டோ வரும். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ‘ஜென் 3’ என்று வையுங்கள்.

பயாஸில் ‘சிஎஸ்எம்’ (பழைய முறையில் தொடங்க உதவுவது) என்ற அமைப்பு பலரைக் குழப்பும். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) வேண்டுமென்றால் சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும், ‘அபவ் 4ஜி டிகோடிங்’ இயங்க வேண்டும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் மிக முக்கியம். இல்லாவிட்டால் வேகம் கண்கூடாகக் குறையும். ஆனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் சிஎஸ்எம்-ஐ அணைத்த மறுகணம் விண்டோஸ் தொடங்காது. முதலில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது ஜிபிடி என்ற புதிய முறையா என்று பாருங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இயங்கும் கம்ப்யூட்டரில் பயாஸை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கலாம்; அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: விண்டோஸ் வருகிறது, படம் சரியில்லை

எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாகத் தெரிந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ திறந்து பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவே. கார்டுக்கு ஏற்ப என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள்.

மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதன் மேல் இருமுறை சொடுக்கி எண்ணைப் பாருங்கள். கோட் 12 என்றால் கார்டுக்குப் போதிய வளங்களைப் போர்டு ஒதுக்கவில்லை. பயாஸைப் புதுப்பித்து, அபவ் 4ஜி அமைப்பைப் பாருங்கள். கோட் 43 என்றால் கார்டு கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இதற்கு முதல் சிகிச்சை பழைய டிரைவரின் மிச்சங்களைத் துடைப்பது, அதிலும் ஏஎம்டி-யிலிருந்து என்விடியாவுக்கோ மறுபுறமோ மாறியவர்களுக்கு:

1. புது டிரைவரையும் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவியையும் இறக்கி வையுங்கள்.
2. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த மறுநிமிடம் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.
3. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வரை சென்று 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு வரும்.
4. கருவியில் பழைய கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்து, துடைத்து ரீஸ்டார்ட் செய்யும் பட்டனை அழுத்துங்கள்.
5. புது டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிறகு இன்டர்நெட்டை இணையுங்கள்.

வேலையின் நடுவே திரை திடீரென்று கருப்பானால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். படம் திரும்பினால் சிக்கல் கேபிளில் இல்லை, டிரைவரில் என்று கொள்ளலாம்.

வேகமான மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நின்றால் அது பழுதல்ல. ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ அமைப்பில் நீங்களே மாற்ற வேண்டும்.

படி 6: கேம் ஓடும்போது மட்டும் கோளாறு

முதலில் ஒரு ஆறுதல்: டெஸ்க்டாப்பில் கார்டின் ஃபேன் சுற்றாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். இன்றைய கார்டுகள் பல, சூடு ஏறும்வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும்.

கேம் தொடங்கிய சில நிமிடத்தில் கம்ப்யூட்டர் மின்சாரம் போனதுபோல ‘டப்’பென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்-ஐச் சந்தேகியுங்கள். கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவை மீறி மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தற்காப்புக்காக அணைந்துவிடும். உறுதிசெய்ய எளிய வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கருவியில் ‘பவர் லிமிட்’டை 70 சதவீதமாக்கி அதே கேமை ஓடவிடுங்கள். இப்போது அணையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோ மின் கேபிளோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கார்டு நிறுவனம் சொல்லும் வாட் அளவைப் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 550, ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 850.

கம்ப்யூட்டர் அணையாமல் கேம் மட்டும் மூடிக்கொண்டால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் (நிகழ்வுப் பதிவேடு) 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். டிரைவர் பதிலளிக்காமல் போய் மீண்டது என்று அர்த்தம். படி 5-இன் துடைப்பு, பிறகு ஓவர்கிளாக் (இயல்பு வேகத்துக்கு மேல் ஓடவைப்பது) எதுவும் இருந்தால் நீக்குவது என்று போங்கள்.

அணையவும் இல்லை, எதிர்பார்த்த வேகமும் இல்லை என்றால் ஜிபியு-இசட் கருவியில் ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சேமிப்பு. பக்கத்திலுள்ள கேள்விக்குறியைச் சொடுக்கிச் சோதனையை ஓடவிட்டு, அதன்பின் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 16 லேன் கார்டு 8 அல்லது 4 என்று காட்டினால் தவறான ஸ்லாட், சரியாக உட்காராத கார்டு, அல்லது லேனைப் பங்குபோடும் எம்.2 டிஸ்க் (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் டிஸ்க்) காரணமாக இருக்கலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டு பிறவியிலேயே 4 லேன்தான். அதற்கு ஸ்லாட்டைக் குறைசொல்ல முடியாது.

படி 7: கார்டே பழுதா?

பயாஸ் திரையிலேயே, அதாவது எந்த டிரைவரும் ஏறுவதற்கு முன்பே, வண்ணக் கட்டங்களும் கோடுகளும் தெரிந்தால், கேபிளை மாற்றியும் போகாவிட்டால், கார்டின் நினைவகமோ சிப்போ பழுதாகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். மற்றபடி ஒரே சோதனைதான் நம்பத்தக்கது: இந்தக் கார்டை நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரிலும், வேறொரு நல்ல கார்டை இந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டிப் பார்ப்பது. கோளாறு கார்டோடு சேர்ந்து நகர்ந்தால் வாரண்டிக்கு அனுப்புங்கள். குறித்து வைத்த தாளையும், கோளாறு தெரியும் திரையின் போட்டோவையும் சேர்த்தே அனுப்பினால் அவர்கள் அதே சோதனைகளை உங்களிடம் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.