மெய்நிகர் மேசைக்கணினி மெதுவாகும்போது எதை முதலில் பார்ப்பது

தொலைவிலுள்ள சர்வரில் இயங்கி, திரை மட்டும் பயனரிடம் தெரியும் மெய்நிகர் மேசைக்கணினி மெதுவாக இருக்கிறது என்று பயனர் சொன்னால், உள்நுழையவே நேரமாகிறதா, உள்ளே சென்றபின் தட்டிய எழுத்து திரையில் பிந்தி வருகிறதா என்று முதலில் கேட்டறிய வேண்டும். உள்நுழைவுத் தாமதத்திற்குப் பெரும்பாலும் பருத்துப்போன பயனர் சுயவிவரமோ (பயனரின் அமைப்புகளும் கோப்புகளும்) குரூப் பாலிசிகளோ (நிறுவனம் கணினிகளுக்கு விதிக்கும் அமைப்புகள்) காரணமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் தனித்தனியே பதிவு செய்தால் அது தெரிந்துவிடும்.

எழுத்து பிந்துவதுதான் கடினமானது. விண்டோஸ் சர்வர் 2019 முதல் கிடைக்கும் ‘யூசர் இன்புட் டிலே’ அளவீட்டை (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் முதலில் இயக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்) விண்டோஸின் கண்காணிப்புக் கருவியான பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் கவனியுங்கள். பயனர் தட்டிய விசையைச் செயலி (ஆப்) எடுத்துக்கொள்ளும்வரை ஆகும் நேரத்தை அது காட்டுவதால், அது உயர்ந்தால் செயலியையும் சர்வரின் சிபியுவையும் ஆராய வேண்டும். அது இயல்பாக இருந்து, தரவு போய்த் திரும்பும் நேரம் மட்டும் 150 மில்லிவினாடியைத் தாண்டினால் சிக்கல் இணைப்பில் உள்ளது. மைக்ரோசாஃப்ட்டின் மேகக்கணிமைச் சேவையான அஷூரின் தென்கிழக்காசிய மையம் சிங்கப்பூரிலேயே இருப்பதால், அங்குள்ள தெம்பனிஸ் வட்டாரத்திலிருந்து அதனுடன் இணைபவருக்கு அத்தகைய எண் வருவது இயல்பல்ல. வெளிநாடு சுற்றிவரும் விபிஎன்னையும் வீட்டு வைஃபையையும் சந்தேகிக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் அண்டை வீட்டு ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. ஆகவே சர்வரைத் தொடுமுன், பயனரை லேன் கேபிளில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.