முதல்முறையாக உமிழ்வு அறிக்கை தயாரிக்கிறீர்களா? எரிபொருள் பில்லிலிருந்து இறுதித் தொகை வரை

பாய்லரோ ஜெனரேட்டரோ உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். "காற்று மாசு, பசுமை இல்ல வாயு இரண்டுக்கும் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும்" என்று மேலிருந்து ஒரு மடல் வந்து, கடைசியில் அது உங்கள் மேசையில் நிற்கிறது. இந்தப் பதிவு உங்களுக்காக. நான் இந்த வேலையை முதலில் எடுத்தபோது, விதிகளின் வாசகம் நூற்றுக்கணக்கான பக்கம் கிடைத்தது. ஆனால் பில்லில் இருக்கும் லிட்டரை டன் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் வழியை ஒரே இடத்தில் முழுதாகச் சொன்னவர் யாரும் இல்லை. எக்செல் தெரியும், கூட்டல் பெருக்கல் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பின்னணி மட்டும். 1984 டிசம்பரில் போபாலில் மீதைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. ஆலைகள் எந்த நச்சுப்பொருளை எவ்வளவு வெளியேற்றுகின்றன என்பதை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கும்படி அறிவிக்க வேண்டும் என்றது அது. இன்று நாம் நிரப்பும் பல படிவங்களின் வேர் அங்கே இருக்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் வாசிக்கப்போகும் எண் இது என்ற நினைப்போடு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: எந்த விதி, எந்த ஆண்டு, எந்த எல்லை

விதிக்கு விதி வரம்பு மாறும். சிங்கப்பூரில் ஒரு தளம் ஆண்டுக்கு 2,000 டன் கார்பன் டை ஆக்சைடு சமானத்தைத் (மற்ற வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடு அளவில் மாற்றிச் சொல்லும் கணக்கு) தொட்டாலே அறிக்கை கட்டாயம். கனடாவில் 10,000 டன். அமெரிக்காவின் கூட்டரசுத் திட்டத்தில் பெரும்பாலான பிரிவுகளுக்கு 25,000 டன்; அந்தத் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிடும் முன்மொழிவு 2025 செப்டம்பரில் வந்திருப்பதால், அங்கே வேலை செய்பவர்கள் நடப்பு நிலவரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாசுப் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரம்பு: கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு லட்சம் டன், நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு 100 டன், கந்தக ஆக்சைடுகளுக்கு 150 டன். இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். (நிறுவனத்தின் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய) அறிக்கையை யார் கொடுக்க வேண்டும் என்பது உமிழ்வின் அளவைப் பொறுத்ததில்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம்.

இதில் கவனிக்க வேண்டியது "தளம்", "நிறுவனம்" என்ற வித்தியாசம். சில விதிகள் ஆலைவாரியாகக் கேட்கும், சில மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்துக் கேட்கும். ஆண்டும் அப்படித்தான்: ஜனவரி முதல் டிசம்பரா, ஏப்ரல் முதல் மார்ச்சா, ஆஸ்திரேலியாவைப் போல ஜூலை முதல் ஜூனா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

படி 2: என்னென்ன எரிகிறது, என்னென்ன கசிகிறது

ஆலையை ஒருமுறை நடந்து சுற்றி வாருங்கள். கணக்குப் பிரிவின் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பாய்லர், டீசல் ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப், ஃபோர்க்லிஃப்ட், கேன்டீன் கேஸ், வெல்டிங் சிலிண்டர், ஏசி, சில்லர், தீயணைப்பு சிலிண்டரில் உள்ள வாயு, உயர் அழுத்த சுவிட்ச்கியரில் உள்ள சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு எல்லாம் வரவேண்டும். நீங்கள் எரிப்பதும் உங்களிடம் கசிவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரமும் வாங்கும் நீராவியும் ஸ்கோப் 2. சரக்குப் போக்குவரத்து போன்ற மற்ற மறைமுக உமிழ்வுகள் ஸ்கோப் 3. விதி கேட்டால் ஒழிய முதல் வருடம் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: எரிபொருளை வெப்பமாக மாற்றுவது

ஒரு டீசல் உதாரணம். ஆண்டு முழுக்க 10,000 லிட்டர். அடர்த்தி லிட்டருக்கு 0.84 கிலோ என்றால் 8.4 டன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியில் டீசலின் வெப்ப மதிப்பு (எரித்தால் கிடைக்கும் வெப்பம்) டன்னுக்கு 43.0 கிகாஜூல். பெருக்கினால் 361.2 கிகாஜூல். உமிழ்வுக் காரணி, அதாவது ஒரு அலகு வெப்பத்துக்கு எவ்வளவு வெளியேறும் என்பது, கிகாஜூலுக்கு 74.1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. விடை 26,765 கிலோ, அதாவது 26.77 டன். லிட்டருக்கு ஏறக்குறைய 2.68 கிலோ. இந்த 2.68ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது நீட்டும் டீசல் கணக்கு அதிலிருந்து வெகுவாக விலகினால் எங்கோ அலகு மாறியிருக்கிறது.

இதுவரை சுலபம். என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது அடுத்த விஷயம்தான்.

வெப்ப மதிப்பு இரண்டு வகை. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது விடும் வெப்பத்தையும் சேர்த்தால் ஜி.சி.வி.; சேர்க்காவிட்டால் என்.சி.வி. ஐ.பி.சி.சி. அட்டவணை முழுவதும் என்.சி.வி. அடிப்படை. அமெரிக்க அரசின் அட்டவணை ஜி.சி.வி. அடிப்படை. எரிபொருள் விற்பவர் தரும் ஆய்வகச் சான்றிதழில் பெரும்பாலும் இருப்பது ஜி.சி.வி. சில சான்றிதழ்களில் "கலோரிஃபிக் வேல்யூ" என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஐ.பி.சி.சி. கணிப்பின்படி நிலக்கரியிலும் எண்ணெயிலும் இரண்டுக்கும் சுமார் 5 சதவீத வித்தியாசம், இயற்கை எரிவாயுவில் சுமார் 10 சதவீதம்.

இதைக் கலந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம். உங்கள் எரிவாயு பில் 10,000 கிகாஜூல் என்கிறது; அது ஜி.சி.வி. கணக்கு. அதை அப்படியே ஐ.பி.சி.சி.யின் 56.1 கிலோவால் பெருக்கினால் 561 டன். முதலில் 10 சதவீதம் கழித்து 9,000 ஆக்கிப் பெருக்கினால் 505 டன். அமெரிக்க அட்டவணையின் ஜி.சி.வி. காரணியை எடுத்தால்? அது 10 லட்சம் பி.டி.யு.வுக்கு (அமெரிக்காவில் புழங்கும் வெப்ப அலகு) 53.06 கிலோ, அதாவது கிகாஜூலுக்கு 50.3 கிலோ. 10,000ஐ அதனால் பெருக்கினால் 503 டன். சரியாகச் சேர்த்த இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வருகின்றன. கலந்த வழி மட்டும் 56 டன் தள்ளி நிற்கிறது. அந்த 56 டன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வரவில்லை. ஆனாலும் அறிக்கையில் ஏறி உட்கார்ந்துவிடும். அடுத்த வருடம் வேறொருவர் சரியாகப் போட்டால் நிறுவனம் உமிழ்வைக் குறைத்துவிட்டது போலவும் தெரியும். தணிக்கையாளர் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

ஆகவே சப்ளையருக்கு ஒரே வரியில் மடல் அனுப்புங்கள்: "இந்த மதிப்பு ஜி.சி.வி.யா, என்.சி.வி.யா?" பதிலைக் கோப்பில் போட்டு வையுங்கள். எக்செலில் வெப்ப மதிப்பு நிரலுக்குப் பக்கத்தில் அடிப்படைக்கென்று தனி நிரல் ஒன்று வைத்து, காலியாக இருந்தால் சிவப்பாகும்படி செய்யுங்கள்.

படி 4: மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, குளிர்பதன வாயு

அதே டீசலுக்கு டெராஜூலுக்கு 3 கிலோ மீத்தேன், 0.6 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. 0.3612 டெராஜூலுக்கு 1.08 கிலோவும் 0.217 கிலோவும். ஒரு கிலோ வாயு நூறாண்டில் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வெப்பமாக்கும் என்பதற்கு ஐ.பி.சி.சி. ஐந்தாம் அறிக்கை தரும் மதிப்புகள் முறையே 28, 265. பெருக்கிச் சேர்த்தால் 88 கிலோ கூடும், மொத்தம் 26.85 டன். சின்னத் தொகைதான், ஆனாலும் விடக்கூடாது.

எந்த ஐ.பி.சி.சி. அறிக்கையின் மதிப்பை எடுப்பது என்பதை உங்கள் விதியே சொல்லும். ஏசியில் இது பெரிதாகத் தெரியும். ஆர்-410ஏ வாயுவின் ஒரு கிலோ, நான்காம் அறிக்கைப்படி 2,088 கிலோ சமானம், ஐந்தாம் அறிக்கைப்படி 1,924, ஆறாம் அறிக்கைப்படி 2,256. கசிவை அளக்க எளிய வழி, சர்வீஸ்காரர் அந்த வருடம் எத்தனை கிலோ டாப்-அப் செய்தார் என்று பில்லில் பார்ப்பது. "கேஸ் ஃபில்லிங்" என்று மட்டும் எழுதியிருந்தால் கிலோவை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

படி 5: மின்சாரம்

மின் யூனிட்டை உங்கள் மின்கட்டமைப்பின் காரணியால் பெருக்க வேண்டும். இந்தியாவுக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பசுமை இல்ல வாயுக் கணக்குக்கான சர்வதேச வழிமுறையான ஜி.எச்.ஜி. புரோட்டோகால் 2015இல் தந்த வழிகாட்டுதலின்படி, பசுமை மின்சாரச் சான்றிதழ் போன்றவை புழங்கும் சந்தையில் இருப்பவர்கள் இரண்டு எண் கொடுக்க வேண்டும்: கட்டமைப்பின் சராசரியில் ஒன்று, உங்கள் ஒப்பந்தத்தின்படி ஒன்று. நல்ல எண்ணை மட்டும் காட்டி மற்றதை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

படி 6: புகைபோக்கியின் மாசு

கந்தகத்துக்கு எரிபொருள் கணக்கே போதும். ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் 2 கிலோ கந்தக டை ஆக்சைடு. 3.5 சதவீதம் கந்தகமுள்ள ஃபர்னஸ் ஆயில் 100 டன் எரித்தால் 7 டன். மேலே பார்த்த 10,000 லிட்டர் டீசலில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தகம் என்றால் 168 கிராம்தான். எரிபொருளை மாற்றுவதால் சுற்றியுள்ளவர்களின் மூச்சுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது. நிலக்கரியில் ஒரு பங்கு கந்தகம் சாம்பலோடு தங்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் தூசுக்கும் அளவீடு வேண்டும். ஆய்வகம் தரும் எண் ஒரு நார்மல் கனமீட்டருக்கு (0 டிகிரி, சாதாரண காற்றழுத்தத்துக்குக் கணக்கிட்ட கனமீட்டர்) இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை வாயு ஓட்டத்தாலும் ஓடிய மணிநேரத்தாலும் பெருக்க வேண்டும். 200 மில்லிகிராம், மணிக்கு 15,000 நார்மல் கனமீட்டர், 6,000 மணிநேரம் என்றால் 18 டன். ஆனால் அந்த 15,000 என்பது புகைபோக்கிக்குள் 150 டிகிரி சூட்டில் அளந்த ஓட்டம் என்றால், 0 டிகிரிக்குக் கொண்டுவர அதை 273ஆல் பெருக்கி 423ஆல் (273 + 150) வகுக்க வேண்டும். ஓட்டம் 9,681 ஆகிவிடும், விடை 11.6 டன். ஈரப்பதத் திருத்தம் இதற்கு மேல். இன்னொன்று: செறிவை "இத்தனை சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்தியது" என்று கொடுத்திருந்தால், அதை அப்படியே உண்மையான ஓட்டத்தோடு பெருக்காதீர்கள். திருத்தாத எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

அளவீடே இல்லாதவர்கள் உமிழ்வுக் காரணிகளைத் தொகுத்துத் தரும் அமெரிக்காவின் ஏ.பி.-42 தொகுப்பையோ ஐரோப்பாவின் இ.எம்.இ.பி. கையேட்டையோ பார்க்கலாம். ஏ.பி.-42இல் பழைய அத்தியாயங்களில் ஒவ்வொரு காரணிக்கும் ஏ (சிறந்தது) முதல் இ (பலவீனமானது) வரை தரமதிப்பீடு உண்டு. டி, இ தரக் காரணிகளை எடுத்தால் அந்த எழுத்தையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

கருவி பற்றி

இணையத்தில் கிடைக்கும் "கார்பன் கால்குலேட்டர்" எதையும் நான் அறிக்கைக்குப் பயன்படுத்துவதில்லை. உள்ளே எந்தக் காரணி, எந்த ஆண்டு என்று தெரியாத எண்ணில் கையெழுத்துப் போட முடியாது. சாதாரண எக்செல் போதும். ஒரு வரிக்கு ஒரு மூலம். அளவு, அலகு, வெப்ப மதிப்பு, அடிப்படை, காரணி, காரணி எங்கிருந்து, எந்தப் பதிப்பு, பில் கோப்பின் பெயர் என்று நிரல்கள். அலகை எண்ணோடு ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். "840 லி" என்று போட்டால் கூட்டல் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பழைய ஏசியில் ஆர்-22 இருக்கிறது, எங்கே சேர்ப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையில் வரும் வாயு. பசுமை இல்ல வாயுக்களுக்கான கியோட்டோ உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. ஜி.எச்.ஜி. புரோட்டோகால் வழியில் ஸ்கோப் 1 மொத்தத்தில் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும். கணக்கிலிருந்தே விட்டுவிடாதீர்கள்.

விறகு, உமி எரிப்பவர்களுக்கும் இதேபோல ஒரு பிரிப்பு உண்டு. அவற்றின் கார்பன் டை ஆக்சைடு தனி வரியில் போகும். அவற்றின் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1இல் சேரும். தூசு கணக்கில் எந்தச் சலுகையும் இல்லை.

நிலக்கரி பாய்லர் வைத்திருக்கும் நண்பர் எழுப்பிய கேள்வி முக்கியமானது. லாரியில் வரும் நிலக்கரி ஈரத்தோடு எடை போடப்படுகிறது. ஆய்வகச் சான்றிதழோ காற்றில் உலர்ந்த மாதிரிக்கு. சான்றிதழில் கிலோவுக்கு 5,000 கிலோகலோரி, மொத்த ஈரம் 25 சதவீதம், உலர்ந்த மாதிரியில் மிச்சமிருக்கும் ஈரம் 10 சதவீதம் என்றால், 5,000ஐ 75ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க வேண்டும். 4,167 வரும். அதுவும் ஜி.சி.வி.தான், அங்கிருந்து என்.சி.வி.க்கு இறங்கிய பிறகே ஐ.பி.சி.சி. காரணியைத் தொடலாம். சான்றிதழில் இரண்டு ஈர அளவும் இல்லையென்றால் அடுத்த லோடு வருவதற்குள் ஆய்வகத்திடம் கேட்டு வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் கேட்டால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.